வீட்டுத் தச்சுப் பட்டறைக்கு டிரில்லிங் மெஷின்: எதைப் பார்த்து வாங்குவது?

சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் இயந்திரக் கருவி விற்கும் கடையொன்றில் நுழைந்து, தூணில் நின்று நேராகக் கீழிறங்கித் துளைக்கும் டிரில்லிங் மெஷின் வேண்டும் என்று சொன்னால், முதலில் வரும் கேள்வி "எத்தனை எம்.எம்.?" என்பதுதான். 13, 20, 25 என்று எண்கள் வரிசையாக வரும். எண் பெரிதானால் மெஷின் நல்லது என்று நினைத்துக்கொண்டு, கையில் இருக்கும் பணம் எந்த எண் வரை எட்டுகிறதோ அதை வாங்கி வருவது புதியவர்களின் வழக்கம்.

அந்த எண்ணுக்கும் மரத்துக்கும் தொடர்பு குறைவு. இரும்பில் அந்த மெஷின் அதிகபட்சம் எவ்வளவு பெரிய துளை போடும் என்பதையே அது சொல்கிறது. நம் ஊர்க் கடைகளில் நிற்கும் டிரில்லிங் மெஷின்களில் பெரும்பாலானவை லேத் பட்டறையையும் வெல்டிங் கடையையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. 13 எம்.எம். என்று எழுதிய சிறிய மெஷின் தேக்குப் பலகையில் 35 மி.மீ. குழியைச் சிரமமில்லாமல் தோண்டும். 25 எம்.எம். என்று எழுதிய பெரிய மெஷினோ, வேகம் போதாமல் 4 மி.மீ. துளையின் வாயைச் சிம்பாக்கிவிடும். மர வேலை செய்பவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

படி 1: உங்களுக்கு இது தேவையா?

சுவரில் அலமாரி மாட்டவும் ஸ்க்ரூ முடுக்கவும் கைடிரில் போதும். துளை பலகைக்குச் சரியான செங்குத்தில் இருந்தே தீர வேண்டும், எல்லாத் துளைகளும் ஒரே ஆழத்தில் நிற்க வேண்டும், அல்லது ஒரே துளையைப் பல பலகைகளில் திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்ற தேவை அடிக்கடி வந்தால் மெஷினைப் பற்றி யோசிக்கலாம். அலமாரிக் கதவில் ஆட்டோ ஹிஞ்ச் (வெளியே தெரியாத கீல்) பதிக்கும் குழி, டோவல் முளைக்கான துளை, நடைவண்டிச் சக்கரத்தின் அச்சுத் துளை, முக்காலிக் காலுக்குச் சாய்வாகப் போடும் துளை எல்லாம் இந்த இனத்தைச் சேர்ந்தவை.

கைடிரில்லை மாட்டிக்கொள்ளும் ஸ்டாண்டு ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். 6 மி.மீ. வரையிலான துளைகளுக்கு அது உதவும். பெரிய பிட் (துளைக்கும் அலகு) மரத்தைக் கடிக்கும்போது ஸ்டாண்டின் மெல்லிய தூண் வளைந்து கொடுக்கும், துளை கோணலாகும். செங்குத்துக்காகத்தான் வாங்குகிறோம் என்றால் அதில் பணம் போடாமல், அந்தத் தொகையை மெஷினுக்காகச் சேர்த்து வைப்பதே மேல்.

படி 2: இடத்தை முடிவு செய்யுங்கள்

மேசைமேல் வைக்கும் வகையை பெஞ்ச் டிரில்லிங் மெஷின் என்றும், தரையிலிருந்து ஆளுயரத்துக்கு நிற்பதை பில்லர் டிரில்லிங் மெஷின் என்றும் பொதுவாகச் சொல்கிறார்கள். சில கடைகளில் இரண்டையும் பில்லர் என்றே சொல்வார்கள். எனவே உயரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல மாதிரிகளில் இரண்டுக்கும் தலைப்பகுதி ஒன்றுதான், தூணின் நீளம் மட்டும் மாறும். நீளமான கட்டையை நிமிர்த்தி வைத்து அதன் தலையில் துளை போடுபவருக்குத்தான் தரை மாதிரி அவசியம். அப்படிப்பட்ட வேலை வீட்டுப் பட்டறையில் அபூர்வம். வந்தாலும், பெஞ்ச் மெஷினை மேசை ஓரத்தில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, தலையைத் தூணில் சுழற்றி மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டு வேலையை முடித்துவிடலாம். புதியவர்களுக்கு நான் பெஞ்ச் வகையையே சொல்வேன். அடியில் பிட்டுகள் வைக்க இரண்டு இழுப்பறையும் கிடைக்கும்.

எடையை மறந்துவிட வேண்டாம். வார்ப்பிரும்பில் செய்த மெஷினை ஒருவர் தூக்க முடியாது. மாடியில் பட்டறை என்றால் தலை, தூண், பலகை வைக்கும் மேசை, அடித்தட்டு என்று தனித்தனியாகக் கழற்றி ஏற்ற முடியுமா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

படி 3: டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்

முதல் அளவு, தூணின் முன்பக்கத்திலிருந்து பிட்டின் நடு வரை உள்ள தூரம். மர வேலைக்கு இதைவிட முக்கியமான அளவு மெஷினில் வேறில்லை. 30 செ.மீ. அகலப் பலகையின் நடுவில் துளை போட வேண்டுமானால் இந்தத் தூரம் 15 செ.மீ. இருக்க வேண்டும். 12 செ.மீ. மட்டும் உள்ள மெஷினில் அந்தப் பலகையை எந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாலும் நடுக்கோடு எட்டாது. இரும்பு வேலைக்காரர் சிறு பட்டைகளையும் ஆங்கிள் துண்டுகளையும் வைத்துத் துளைக்கிறார், அவருக்கு இது பெரிய விஷயமில்லை. நாம் அகலமான பலகையோடு போராடுபவர்கள்.

அமெரிக்க விளம்பரங்களில் '12 அங்குல மெஷின்' என்று பார்த்தால் இந்தத் தூரம் 6 அங்குலம் என்று கொள்ளுங்கள். அங்கே மெஷினின் அளவையே இந்தத் தூரத்தின் இரட்டிப்பாகத்தான் சொல்கிறார்கள். நம் ஊர் எம்.எம். கணக்கை அதோடு ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

ஆட்டோ ஹிஞ்ச் குழிக்காக மட்டும் வாங்குபவருக்கு இங்கே ஒரு நிம்மதி உண்டு. அந்தக் குழியின் நடு, கதவு ஓரத்திலிருந்து வழக்கமாக 22 மி.மீ. அளவில்தான் இருக்கும். எவ்வளவு சிறிய மெஷினானாலும் எட்டிவிடும்.

இரண்டாவது அளவு, கைப்பிடியைச் சுழற்றினால் ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் அச்சு) எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது. சிறிய மெஷின்களில் இது 50 மி.மீ.; 80 மி.மீ. கிடைத்தால் விடாதீர்கள். 75 மி.மீ. தடிமனுள்ள நாற்காலிக் காலில் மறுபக்கம் வரை துளை போக வேண்டும் என்றால் 50 மி.மீ. போதாது. பாதி துளைத்துவிட்டு மேசையை உயர்த்தினால், உருண்டைத் தூணில் மேசை இடமோ வலமோ சற்றே நகர்ந்துவிடும். மீதித் துளை முந்தைய துளையோடு நேராகச் சேராது. மேசையைத் தொடாமல், காலுக்கு அடியில் ஒரு சமமான கட்டையைச் செருகி உயர்த்துவதுதான் அப்போது செய்யக்கூடியது.

மூன்றாவது, மேசையை ஏற்றி இறக்கும் முறை. பல்சட்டமும் சுழற்றும் பிடியும் உள்ளதா, அல்லது திருகைத் தளர்த்திக் கையால் தூக்க வேண்டுமா? கனமான வார்ப்பு மேசையைத் திருகு தளர்த்திக் கையால் தாங்குவது விரலுக்கு ஆபத்து. மரப் பலகை ஒன்றை மேசைமேல் பொருத்திய பின் எடை இன்னும் கூடும். பல்சட்டம் இருப்பதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

படி 4: வேகத்தைக் கணக்குப் போடுங்கள்

மரம் கருகுவதும், துளை வாய் கிழிவதும், பிட் மழுங்குவதும் பெரும்பாலும் வேகத்தால் வரும் தொல்லைகள். வெட்டும் விளிம்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதுதான் கணக்கு. நிமிடத்துக்கு 3000 சுற்றில் 6 மி.மீ. பிட்டின் விளிம்பு சுமார் 57 மீட்டர் ஓடுகிறது. அதே 3000 சுற்றில் 35 மி.மீ. ஹிஞ்ச் பிட்டை மாட்டினால் விளிம்பு 330 மீட்டர் ஓடும். புகை வருவதில் வியப்பில்லை. ஹிஞ்ச் பிட்டின் விளிம்பை அந்த 57 மீட்டருக்குக் கொண்டுவர 500 சுற்றுக்கு இறங்க வேண்டும்.

நடைமுறையில் நான் சொல்லும் அளவு இது. 6 மி.மீ. வரை 2500 முதல் 3000 சுற்று. 10 மி.மீ.க்கு 1500 அளவில். 25 மி.மீ. பிட்டுக்கு 700 முதல் 1000. 35 மி.மீ.க்குத் தேக்கு, வேங்கை போன்ற மரங்களில் 500 முதல் 700, பிளைவுட்டில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. 50 மி.மீ.க்கு மேலும், வட்டம் அறுக்கும் ஹோல் சாவுக்கும் 500-க்குக் கீழே. ஆகவே மெஷினின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் வேகப் பட்டியலில் கீழ் வேகம் 500-ஐத் தாண்டக் கூடாது, மேல் வேகம் 2500-ஐத் தொட வேண்டும். உலோகத்துக்கென்றே செய்த கனத்த மெஷின்களில் மேல் வேகம் குறைவாக இருக்கும். மர வேலைக்காரர் அவற்றை ஒதுக்குவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஐந்து வேகம் போதுமா, பன்னிரண்டு வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஐந்து போதும். பன்னிரண்டு வேக மெஷினில் நடுவில் இன்னொரு புல்லியும் இன்னொரு பெல்ட்டும் இருக்கும், மாற்றும் நேரமும் இரட்டிப்பாகும். பன்னிரண்டு வேகம் வைத்திருப்பவர்களில் பலர் பெல்ட்டை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் விட்டு வைத்திருப்பதைப் பார்க்கிறேன். வேகங்களின் எண்ணிக்கையைவிட, பெல்ட்டை மாற்றுவது எவ்வளவு எளிது என்பதைக் கடையிலேயே செய்து பாருங்கள். மூடியைத் திறந்து, மோட்டாரைத் தளர்த்தி, பெல்ட்டை நகர்த்தி, மறுபடி இறுக்குங்கள். ஸ்பானர் தேடும்படி இருந்தால் வீட்டில் அதைச் செய்யவே மாட்டீர்கள்.

படி 5: மோட்டார்

அரை எச்.பி. மோட்டார் வீட்டுப் பட்டறைக்குப் போதும். 50 மி.மீ.க்கு மேற்பட்ட பிட்டுகளை அடிக்கடி ஓட்டுபவர் ஒரு எச்.பி.க்குப் போகலாம். கார்பன் பிரஷ் உள்ள, கைடிரில் போல அலறும் மோட்டாரைத் தவிர்த்து இண்டக்‌ஷன் மோட்டார் கேளுங்கள். முழுவதும் மூடிய உடலுடன் வெளிவிசிறி உள்ள வகையாக இருந்தால் மரத்தூள் உள்ளே போகாது.

உள்நாட்டு வார்ப்பு மெஷின்களின் விலை பல இடங்களில் மோட்டார் இல்லாமல்தான் சொல்லப்படும். மோட்டாரையும் ஸ்விட்சையும் தனியாக வாங்கிப் பொருத்தச் சொல்வார்கள். அப்போது நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டாரா, 2880 சுற்று மோட்டாரா என்று பார்த்து வாங்குவது உங்கள் பொறுப்பு. 1440-க்குக் கணக்கிட்ட புல்லியில் 2880 மோட்டாரை மாட்டினால் எல்லா வேகமும் இரட்டிப்பாகும். 500 என்று நினைத்துப் பெரிய பிட்டை மாட்டிய இடத்தில் 1000 ஓடும். மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். வீட்டு இணைப்புக்கு 230 வோல்ட் சிங்கிள் பேஸ். உடல் முழுக்க இரும்பு என்பதால் எர்த் இணைப்பு இல்லாத பிளக்கில் ஒருபோதும் மாட்டக் கூடாது.

படி 6: சக்

பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் 13 மி.மீ. இருந்தால் போதும். ஹிஞ்ச் பிட்டுகளின் தண்டு பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ.தான். சாவி போட்டு இறுக்கும் வகையே நல்லது. சக் மோசமாக இருந்தால் வேறு மாட்டிக்கொள்ளலாம், அதற்காக நல்ல மெஷினை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஸ்பிண்டில் மோசமாக இருந்தால்தான் திரும்பி நடக்க வேண்டும். சற்றுப் பெரிய மெஷின்களில் எம்.டி.2 என்ற கூம்புத் துளை ஸ்பிண்டிலில் இருக்கும். 1860-களில் அமெரிக்கர் ஸ்டீபன் மோர்ஸ் வகுத்த கூம்பு அளவு வரிசையில் ஒன்று அது. இன்றுவரை உலகெங்கும் அதே அளவு என்பதால், எங்கே வாங்கிய எம்.டி.2 சக்கும் பொருந்தும்.

படி 7: கடையில் நின்று செய்யும் சோதனை

கடைக்குப் போகும்போது ஒரு நல்ல மூலைமட்டம், நேரான 10 மி.மீ. எஃகுக் கம்பித் துண்டு, வளைக்கக்கூடிய தடித்த கம்பி ஒன்று, ஒரு பிளைவுட் துண்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

மின்சாரம் இல்லாமல் தொடங்குங்கள். கைப்பிடியை முழுவதும் இறக்கி, அந்த நிலையில் சக்கைப் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். 'ப்ளே' கையில் தெரிந்தால் அந்த மெஷின் வேண்டாம். பிட் மரத்தில் முதலில் தொடும் இடத்தில் வழுக்கிப் போவதற்கு இந்த ஆட்டம்தான் காரணம். புது மெஷினிலும் இது இருக்கும், புதிது என்பதால் நம்பிவிட வேண்டாம்.

அடுத்து எஃகுக் கம்பியைச் சக்கில் இறுக்கி, கையால் பெல்ட்டைச் சுழற்றுங்கள். கம்பியின் அருகே ஒரு தாளின் ஓரத்தைப் பிடித்தால் இடைவெளி கூடிக் குறைவது தெரியும். பட்டறையில் இதை 'அவுட்' என்பார்கள். டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்திருப்பவர் யாராவது உடன் வந்தால் நல்லது, மரத்துக்கு 0.1 மி.மீ. வரை பொறுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கே தெளிவாகத் தெரிந்தால், சக்கைக் கழற்றச் சொல்லி, அவுட் சக்கிலா ஸ்பிண்டிலிலா என்று பாருங்கள்.

மூன்றாவது சோதனைக்கு, வளைத்த கம்பியைச் சக்கில் மாட்டுங்கள். அதன் நுனி மேசையின் முன்பக்கத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். பிறகு சக்கைக் கையால் மெதுவாகச் சுழற்றி, நுனி இடம், பின், வலம் ஆகிய இடங்களிலும் அதே இடைவெளியில் நிற்கிறதா என்று பாருங்கள். இடமும் வலமும் வேறுபட்டால் கவலையில்லை. மேசையின் சாய்வுத் திருகைத் தளர்த்திச் சரிசெய்யலாம். முன்னும் பின்னும் வேறுபட்டால் அதற்குத் திருகு கிடையாது. மேசைமேல் போடும் பலகைக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்துச் சமாளிக்க முடியும், ஆனால் புது மெஷினுக்கு முழுப் பணம் கொடுத்துவிட்டு அப்படிச் சமாளிக்க வேண்டிய அவசியம் என்ன? வேறொன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரே மாதிரியில் இரண்டு மெஷின்கள் இரண்டு குணத்தில் இருப்பது சகஜம்.

இனி ஓடவிடுங்கள். அடித்தட்டு தரையில் நடுங்குகிறதா, பேரிங் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். கொண்டுபோன பிளைவுட்டில் ஒரு துளை போட்டு, ஆழம் நிறுத்தும் அமைப்பைச் சோதியுங்கள். திருகுக் கம்பியில் இரண்டு நட்டு உள்ள வகை நம்பகமானது. கைப்பிடி அச்சில் வளையத்தைச் சுழற்றி இறுக்கும் வகை நான்கைந்து துளைக்குள் நழுவத் தொடங்கலாம்.

படி 8: பழைய மெஷின் கிடைத்தால்

கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் லேத் பட்டறைகள் கைமாறும்போது பழைய வார்ப்பு மெஷின்கள் விற்பனைக்கு வரும். புது மலிவு மெஷினைவிட அவற்றில் பல உறுதியானவை. மேசையில் துளைத் தழும்புகள் இருந்தால் விலையைக் குறைக்கக் கேளுங்கள், ஆனால் அதை ஒரு குறையாக எண்ண வேண்டாம். நீங்கள் எப்படியும் மேலே பலகை போடப் போகிறீர்கள். வார்ப்பில் விரிசலோ வெல்டிங் ஒட்டோ இருந்தால் வாங்காதீர்கள். பேரிங் சத்தம் பெரிய குறையல்ல. வழக்கமான எண்ணுள்ள பேரிங் எந்த ஊரிலும் கிடைக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த மெஷினில் மூன்று பேஸ் மோட்டார் இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் வீட்டில் மூன்று பேஸ் இணைப்பு இல்லையென்றால் மோட்டாரை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மேலே சொன்ன வேக வரம்பை இங்கேதான் மறந்துவிடுவோம், மெஷினின் கம்பீரத்தைப் பார்த்து.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய கிரீஸைத் துடைத்து, அடித்தட்டை மேசையோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். தலை கனமான மெஷின், போல்ட் இல்லாமல் கவிழும்.

பிறகு முதல் வேலையாக மெஷினுக்கு ஒரு மரமேசை செய்யுங்கள். இரும்பு வேலைக்காகச் செய்த சிறிய மேசையில் பலகை நிலையாக உட்காராது. 18 மி.மீ. பிளைவுட்டில் ஏறக்குறைய 60 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலத்துக்கு ஒரு பலகையை வெட்டி, மெஷின் மேசையின் நீள்துளைகள் வழியாக அடியிலிருந்து போல்ட் போட்டுப் பொருத்தவும். தூணுக்கு இடம் விட்டுப் பின்பக்கத்தில் ஒரு வெட்டு தேவைப்படும். மேலே முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்கக்கூடிய ஒரு நேர்ச்சட்டம் வையுங்கள். பலகையை அதில் சாய்த்து நகர்த்தினால் எல்லாத் துளையும் ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் விழும். சட்டத்தின் அடி விளிம்பில் சிறிய பள்ளம் இழைத்துவிட்டால் மரத்தூள் அங்கே ஒதுங்கும், பலகை சட்டத்தோடு ஒட்டி நிற்கும்.

பிட் இறங்கும் இடத்தில் உள்ளங்கை அளவு சதுரம் ஒன்றை வெட்டி, அதில் மாற்றக்கூடிய ஒரு பிளைவுட் துண்டை மட்டமாகப் பொருத்துங்கள். அதன் நான்கு மூலைகளையும் இரண்டு முகங்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். துளைக்கும் மரத்தின் அடிப்பக்கம் சேதமில்லாத துண்டின் மேல் படிந்திருந்தால் சிம்பு பெயராது. கடற்கரை ஊர்க்காரர்கள் தூணுக்கும் வார்ப்பு மேசைக்கும் மெழுகு தேய்த்து வையுங்கள். எண்ணெய் வேண்டாம், அது மரத்தில் கறையாகும், பாலிஷ் அந்த இடத்தில் பிடிக்காது.

படி 10: முதல் துளை

வேட்டி, தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், கையில் உறை எதுவும் சுழலும் சக்குக்கு அருகே வரக் கூடாது. உறை பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். பிட் அதன் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். கண்ணாடி அணியுங்கள். சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைப் போடுவது அடுத்த ஆபத்து. சாவியைச் சக்கிலிருந்து கழற்றும் வரை அதிலிருந்து கையை எடுக்காமல் இருக்கப் பழகுங்கள்.

பலகையைக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். முடியாத இடத்தில், பலகையின் நீண்ட பகுதி உங்கள் இடப்புறம் இருக்கும்படியும், தூணின் இடப்பக்கத்தை அது தொட்டபடியும் வையுங்கள். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் திசையில் சுழல்கிறது. அது மரத்தைக் கவ்வினால் இடப்புறக் கோடி பின்னால் போய்த் தூணில் மோதி நின்றுவிடும். வலப்புறம் நீட்டி வைத்தால் அதே கோடி உங்கள் வயிற்றை நோக்கி வரும்.

ஹிஞ்ச் குழிக்கு வழக்கமான ஆழம் 12 மி.மீ. அளவு, 18 மி.மீ. கதவில் மிஞ்சுவது 6 மி.மீ. மட்டுமே. சில மலிவுப் பிட்டுகளின் நடுமுனை மிக நீளமாக இருக்கும். அது கதவின் முன்பக்க மைக்காவைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். முதலில் ஒரு கழிவுத் துண்டில் போட்டுப் பார்த்து, ஆழ நட்டை இறுக்கிவிட்டுக் கதவை எடுங்கள். இதே இனத்தில் இன்னும் நுட்பமானது ஃபார்ஸ்ட்னர் பிட். 1874-இல் அமெரிக்கத் துப்பாக்கித் தொழிலாளி பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர் காப்புரிமை பெற்றது. நடுமுனையைவிட வெளிவட்ட விளிம்பே அதை வழிநடத்துவதால், ஒரு குழிமேல் பாதி ஏறினாற்போல அடுத்த குழியைப் போடலாம். வரிசையாக அப்படிப் போட்டு, இடையில் மிஞ்சும் மேடுகளை உளியால் செதுக்கினால் கழுந்து நுழையும் நீள்துளை கிடைத்துவிடும்.

பலகையின் ஓரத்தில் வடிவம் வெட்டும் ரூட்டர் என்ற கருவியின் பிட்டை இந்தச் சக்கில் மாட்டிப் பலகையைப் பக்கவாட்டில் தள்ளி வெட்டலாமா என்று யாரேனும் ஒருவர் எப்போதும் கேட்பார். கூடாது. சக்கைப் பிடித்திருப்பது ஒரு கூம்பின் இறுக்கம் மட்டும்தான், பக்கவாட்டு அழுத்தத்தில் அது கழன்று விழும். ரூட்டருக்குத் தேவையான வேகமும் இங்கே இல்லை.

பிட்டுகளில் முதலில் வாங்க வேண்டியவை, நடுவில் ஊசிமுனை உள்ள மர பிட்டுகள் 3 முதல் 10 மி.மீ. வரை ஒரு செட், 35 மி.மீ. ஹிஞ்ச் பிட் ஒன்று, 25 மி.மீ. ஃபார்ஸ்ட்னர் ஒன்று, கிளாம்ப் இரண்டு. மெஷினின் விலையைப் பேசும்போதே இவற்றையும் சேர்த்துப் பேசுங்கள். ஹோல் சா செட் இலவசம் என்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், அதற்காக வேறு எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.